அண்ணனின் வேனும் ஒரு சுண்ணாம்புப் புள்ளியும்

“வாட்டர் பம்ப், பெல்ட் புதுசு. ஆயுத பூஜைக்கு மறுநாள், செவ்வாய்.”

அண்ணனுடைய வேனில், எஞ்சின் முன்பக்கத்தில் பல்பெல்ட்டை மூடியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் உட்புறத்தில் வெள்ளை பெயிண்ட் பேனாவால் இப்படி எழுதியிருக்கிறது. கையெழுத்து அண்ணியுடையது. அடுத்த முறை திறப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இப்படி எழுதிவைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். கிலோமீட்டரையும் சேர்த்து எழுதுவார்கள். அண்ணன் வேனில் அந்த மீட்டர் எப்போதோ நின்றுபோனதால் இதில் அது இல்லை.

முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, அண்ணன் வாழ்க்கையில் நாள் குறித்து எழுதப்பட்டவை எவை எவை என்று தேடி எடுத்தேன். பள்ளிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், கல்யாணப் பத்திரிகை, மருத்துவமனைச் சீட்டுகள். எல்லாம் மற்றவர்கள் எழுதியவை. அண்ணன் தாமே வாய்விட்டுச் சொல்லி எழுதச் சொன்னது இந்த மூடியில் இருப்பது மட்டும்தான். ஆகவே இதை முதலில் வைத்தேன். இனி முறைப்படி பிறப்பிலிருந்து.

அண்ணன் சோழவந்தானை அடுத்த எங்கள் ஊரில் ஆனி மாதம் பிறந்தார். ஆனி என்பது அம்மா சொன்னது. சான்றிதழில் வேறு மாதம் இருக்கிறது. அந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கும் அதே தேதிதான் போட்டிருக்கிறது என்பதால் அம்மா சொன்னதையே ஏற்கிறேன். எங்கள் பெற்றோருக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளவும் தண்ணீர் இறைக்கவும் போனார்கள். அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா இறந்தார். முழுப் பரீட்சைக்கு முன்பே அண்ணன் லாரி ஒன்றில் கிளீனராக ஏறிவிட்டார். நான் கல்லூரி வரை போனதும் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த லாரியால்தான். அதைச் சொல்லிக் காட்டாத மனிதர் என்று எழுத ஆசை. ஆனால் கோபம் வந்தால் சொல்லிக் காட்டுவார். மறுநாள் எதுவும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்து, “பாப்பா, காபி இருக்கா?” என்பார். எனக்கு ஐம்பது வயதான பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

கிளீனர், பிறகு டிரைவர், பல ஆண்டு வடமாநில ஓட்டம். அம்மா படுக்கையில் விழுந்தபோது ஊரோடு வந்து, பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கினார். கொடிக்கால்காரர்களிடம் வெற்றிலைக் கட்டுகளை ஏற்றி, ஈரச் சாக்கு போட்டு மூடி, விடிவதற்குள் மதுரை மார்க்கெட்டில் இறக்குவது தொழில். வேனின் கதவை யாராவது ஓங்கி அடித்துச் சாத்தினால் அவருக்குப் பொறுக்காது. “உங்க வீட்டுக் கதவ இப்படித்தான் சாத்துவீகளா?” என்று முகத்துக்கு நேரே கேட்பார். இதற்காக எங்கள் சித்தப்பா ஒருவர் சில காலம் பேசாமல் இருந்தார்.

சர்க்கரை நோய் முதலில் கண்ணை மங்கவைத்தது, பிறகு சிறுநீரகத்தைக் கெடுத்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் மதுரையில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். முதல் மாதங்களில் பஸ்ஸில் போய்வந்தார். திரும்பும்போது ஒருநாள் வாந்தி எடுத்துவிட, கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார். பிறகு வாடகைக் கார். கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டு நழுவி ஸீட்டில் ரத்தம் பட்டது. அந்த டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கியதும் இவர் கண் முன்னாலேயே வாளித் தண்ணீர் எடுத்து ஸீட்டைக் கழுவினார். அன்றோடு அண்ணன் அடுத்தவர் வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டார்.

அதற்கு அண்ணி கண்டுபிடித்த வழி, தானே வேன் ஓட்டப் பழகுவது. பேரப்பிள்ளை எடுத்த வயதில், வைகைக் கரைப் பொட்டலில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கத்தக் கத்தப் பழகினார். ஒருநாள் நானும் பின்னால் இருந்தேன்.

“அது கிளட்ச்சு புள்ள, உம் புருசன் கழுத்து இல்ல. மெதுவா விடு.”

“கழுத்தா இருந்தா நான் ஏன் இம்புட்டு யோசிக்கப் போறேன்?”

உரிமம் எடுத்த நாளிலிருந்து ஏற்பாடு இப்படி அமைந்தது. விடிவதற்கு முன் லோடு ஏற்றிக்கொண்டு, முடிந்தால் அண்ணன் ஓட்டுவார், முடியாவிட்டால் அண்ணி. லோடு இறக்கியதும் பின்னால் சாக்குகளை ஒதுக்கி மெத்தை விரித்துவிடுவார்கள். சிகிச்சை முடிந்து அண்ணன் அதில் படுத்தபடி வீடு வருவார். வாந்தி வந்தால் வாளி இருந்தது. முணுமுணுக்க யாரும் இல்லை.

இனி, மூடியில் எழுதியிருக்கும் அந்த நாளைப் பற்றி. இதில் நான் நேரில் கண்டதையும் அண்ணியிடமும் காசியிடமும் கேட்டுச் சரிபார்த்ததையும் மட்டுமே எழுதுகிறேன். காசி என்பவர் அண்ணன் கிளீனராக இருந்த காலத்துக் கூட்டாளி, இப்போது சோழவந்தானில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றே அழைப்பார்கள்; அண்ணி அவருக்குத் தங்கச்சி.

ஆயுத பூஜைக்கு முந்தைய சனிக்கிழமை, மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் சமயநல்லூர் தாண்டியதும் எஞ்சின் சூடு முள் ஏறிவிட்டது. வாட்டர் பம்ப் ஒழுகி, ரேடியேட்டரில் தண்ணீரே இல்லை. நிறுத்தி நிறுத்தி, வீடு வீடாகத் தண்ணீர் வாங்கி ஊற்றி அண்ணி வேனைக் கொண்டுவந்து சேர்த்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணன் சொன்னாராம்:

“இந்த வண்டி ஓடுற வரைக்கும் நானும் ஓடுறேன். இது நின்னா என்னைய விட்ரணும். ஆஸ்பத்திரிக்குக் கூப்புடக் கூடாது.”

அண்ணி அன்று மாலை எனக்கு போன் செய்தார். ஞாயிறு காலை நான் போய்ச் சேர்ந்தபோது தகரக் கொட்டகையில் வேனின் முன்பக்கம் திறந்து கிடந்தது. வேறு கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அண்ணன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஓடும் பல்பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். பெல்ட் மூன்று பல்சக்கரங்களைச் சேர்த்து ஓட்டுகிறது. கீழ்ச் சக்கரம் பிஸ்டன்களுக்கு, மேல் சக்கரம் வால்வுகளுக்கு, பக்கவாட்டில் ஒன்று டீசல் பம்ப்புக்கு. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது அந்த ஒழுங்கு தவறினால் இரண்டும் மோதி எஞ்சின் நாசமாகிவிடும். அதற்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வெட்டுக்குறி, அதற்கு எதிரே எஞ்சின் உடம்பில் ஓர் அடையாளம் இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்கும்படி வைத்துப் பெல்ட்டை மாட்ட வேண்டும். அண்ணன் வேனில் மேல் சக்கரம் பழைய சாமான் கடையில் வாங்கிய வேறு எஞ்சினுடையது. அதன் வெட்டுக்குறி கம்பெனி அடையாளத்துக்கு எதிரே நிற்காது. எங்கே நிற்கிறதோ அங்கே நாமாக ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால்தான் உண்டு.

காசி மூடியைத் திறந்துவைத்துவிட்டுப் பம்ப்பும் புது பெல்ட்டும் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். அண்ணன் முக்காலியை இழுத்துப் போட்டு எஞ்சின் முன்னால் உட்கார்ந்து, காசி விட்டுப் போயிருந்த சுண்ணாம்பு டப்பாவில் விரலைத் தொட்டு, மேல் சக்கரத்தின் குறிக்கு எதிரே எஞ்சின் உடம்பில் ஒரு புள்ளி வைத்தார். நான் பார்த்தது அந்த ஒரு புள்ளியை. அதற்குள் அண்ணி கூப்பிட்டதால் உள்ளே போய்விட்டேன்.

காசி மாலையில் வந்து பழைய பெல்ட்டைக் கழற்றிப் போட்டு, பம்ப்பை எடுத்து, அது உட்கார்ந்திருந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய பம்ப்பைப் பசை தடவி உட்காரவைத்தார். பசை காய வேண்டும். மறுநாள் ஆயுத பூஜை. ஸ்பேனரைத் தொட முடியாது. செவ்வாய் காலை பெல்ட்டை மாட்டிவிட்டால் நண்பகல் டயாலிசிஸுக்குப் போய்விடலாம் என்று கணக்கு.

திங்கள்கிழமை அண்ணி வேனைக் கழுவி, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர்களையெல்லாம் துடைத்து அடுக்கி, திறந்து கிடந்த எஞ்சினுக்கும் திருநீறு குழைத்துப் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் வைத்தார். காசி வந்து சாமி கும்பிட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னா மாப்ள, எஞ்சின் உள்ளாற வரைக்கும் பொட்டு வச்சிருக்கு தங்கச்சி! தாலி ஒண்ணுதான் பாக்கி.”

அண்ணன் சிரிக்கவில்லை. அன்று அவருக்குக் கால்கள் வீங்கியிருந்தன.

செவ்வாய் காலை, பூஜைப் படையலை எடுத்துவிட்டு வேலை தொடங்கியது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். காசி கீழ்ச் சக்கரத்தையும் டீசல் பம்ப் சக்கரத்தையும் குறிக்கு நேரே நிறுத்தினார். மேல் சக்கரத்துக்கு வந்ததும், “ஒம் புள்ளிக்கு மேலயே தங்கச்சி பொட்டு வச்சிருக்கு மாப்ள. இதுக்கு நேரா வச்சிருறேன்” என்றார். அண்ணன் உம் கொட்டினார். புது பெல்ட் ஏறியது. பெல்ட்டைத் தொய்யாமல் பிடிக்கும் இழுவிசைச் சக்கரத்தைக் காசி இறுக்கினார். சாவி போடுவதற்கு முன் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். காசி கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். சிறிது தூரம் சுற்றி, ‘ணக்’ என்று நின்றுவிட்டது.

“கம்ப்ரஷன்தான், உள்ள காத்து அமுங்குது. பைப்பப் போட்டு ஒரு நெம்பு நெம்புனாப் போயிரும். பாப்பா, அந்தப் பைப்ப எடு.”

“வேணாம்” என்றார் அண்ணன். கண்ணைத் திறக்கவில்லை.

“நேரம் ஆகுதுல்ல மாப்ள?”

“கம்ப்ரஷன்னா மெத்துனு இருக்கும். இது கல்லு. கைய எடுத்துரு.”

காசிக்குத் தெரியாததல்ல அது. நண்பகலுக்குள் அண்ணனை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம்தான் அவரை அப்படிப் பேசவைத்தது. ஸ்பேனரை எடுத்துவிட்டு, துணியால் அந்தப் பொட்டைத் துடைத்தார். அடியில் வெறும் இரும்பு. சுண்ணாம்பு இல்லை.

அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். “வெள்ளையா ஒரு பொட்டு இருந்துச்சுங்க. போன வருசத்துப் பொட்டுன்னு நெனச்சுத் தொடச்சிட்டேன். பழசு மேல வைக்கக் கூடாதுன்னு தள்ளி வச்சேன்.”

அண்ணன் அவரை வெகுநேரம் பார்த்தார். “போன வருசம் எஞ்சினைத் தெறந்து வச்சுப் பொட்டு வச்சியா புள்ள?”

காசிதான் பேசினார். மேல் மூடியையும் கழற்றி வால்வுகளைப் பார்த்து மறுபடி ஒழுங்கு பண்ணிவிடலாம், ஆனால் அதற்குக் கருவி வேண்டும், ஒர்க்‌ஷாப் பையன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், நாளை மாலை ஆகிவிடும் என்றார்.

“இன்னைக்குப் போகாட்டி ராத்திரி மூச்சு முட்டும்” என்றார் அண்ணி.

“முட்டட்டும்” என்றார் அண்ணன். “மூடி போட்டுரு மாப்ள. போதும்.”

அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. நாள் முழுக்க லோடு இறக்கியவர் கடைசிக் கட்டையும் கீழே வைத்துவிட்டுச் சொல்வதுபோல இருந்தது. காசி ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்தார். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கார் கூப்பிடலாமா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று நான் குறிக்கவில்லை.

அண்ணன்தான் பேசினார். அண்ணியைப் பார்த்து அல்ல, தம் கால்களைப் பார்த்து.

“பழைய பெல்ட்ட என்ன பண்ணுன?”

“வாழக்கன்னு கட்டுறதுக்குக் கயிறு பத்தல. அத வச்சுக் கட்டியிருக்கு.”

“அறுத்தியா?”

“இல்லங்க. வளைச்சுத்தான் மாட்டியிருக்கு.”

“அதுலயும் புள்ளி வச்சிருக்கேன். மூணு சக்கரத்துக் குறிக்கும் நேரா. பல்ல எண்ணிப் புதுசுல போட்டுக்கங்க.”

ஞாயிற்றுக்கிழமை காசி மதுரைக்குப் போயிருந்தபோது, கழற்றுவதற்கு முன்பே பெல்ட்டின் மேலும் சுண்ணாம்பு வைத்திருக்கிறார். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களில் யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

வலப்பக்க வாழைக்கன்றிலிருந்து பெல்ட்டை நான்தான் அவிழ்த்தேன். குங்குமமும் மஞ்சளும் ஒட்டியிருந்தன. மூன்று புள்ளிகளும் மங்கலாக இருந்தன, ஆனால் இருந்தன. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே எத்தனை பல் என்று எண்ணி, புது பெல்ட்டில் அதே இடைவெளியில் புள்ளி வைக்க வேண்டும். காசி எண்ணினார். நான் எண்ணினேன். இரண்டும் ஒத்துவரவில்லை.

“குடுங்க இப்படி” என்று அண்ணி வாங்கிக்கொண்டார். அவர் சிறுவயதில் கொடிக்காலில் வெற்றிலையை எண்ணிக் கவுளிக் கட்டாக அடுக்கிய கை. பேசிக்கொண்டே எண்ணினாலும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அன்று பேசாமல் எண்ணினார். காசி எண்ணியதுதான் சரி என்று தெரிந்தது.

“ஆபீஸ்ல இப்படித்தான் எண்ணுனியா பாப்பா?” என்றார் காசி. அண்ணன் அப்போதுதான் சிரித்தார். அந்த மூன்று நாளில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

புள்ளிகளைச் சக்கரங்களின் குறிகளுக்கு நேராக வைத்துப் பெல்ட்டை மறுபடி மாட்டினார்கள். காசி திருப்பினார். ஒரு சுற்று. மெத்தென்று இறுகி, விட்டது. இன்னொரு சுற்று. எங்கும் முட்டவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, அண்ணி ஏறிச் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பம்ப்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்த காசி, “ஒரு சொட்டு இல்ல” என்றார்.

மூடியைப் போடுவதற்கு முன், “நாள எழுதிரு புள்ள” என்றார் அண்ணன். அவர் சொல்லச் சொல்ல அண்ணி எழுதினார். மெத்தையில் படுக்கவைக்க அவரைத் தாங்கிப் பிடித்தபோது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “வண்டி ஓடிருச்சு. இனி எனக்குச் சாக்கு இல்ல பாப்பா.” நான் கதவைச் சாத்தினேன். மெதுவாகத்தான்.

அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் தவறாமல் போய்வந்தார்கள். தை பிறந்த பின் ஓட்டுவதை அண்ணன் முற்றாக நிறுத்திவிட்டார். பின்னால் படுத்தபடி, கியர் மாற்றும் சத்தத்தை வைத்து எந்த ஊர் தாண்டுகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார் என்கிறார் அண்ணி. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாள், பகல் சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணியின் கை அவர் காலில் இருந்தது. வீக்கம் வடிந்திருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அந்த எஞ்சினுக்குச் செய்த வேலைக்குக் கூலி என்ற பேச்சையே எடுக்கவிடாத காசிக்கும், லோடை வேறு வண்டிக்கு மாற்றாமல் அண்ணிக்கே இன்றுவரை தந்துவரும் கொடிக்கால்காரர்களுக்கும், சமயநல்லூரில் அந்தச் சனிக்கிழமை குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்த, பெயர் கேட்டுக்கொள்ளாத வீட்டுக்காரர்களுக்கும், இறுதிச் சடங்கு முதல் பதினாறாம் நாள் வரை உடனிருந்த உறவினர்களுக்கும் அண்ணியும் பிள்ளைகளும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம். டயாலிசிஸ் பிரிவுப் பணியாளர்களுக்கும் அப்படியே.

அந்தப் பிரிவில் இருந்த செவிலியர் ஒருவர் பதினாறாம் நாளன்று வந்திருந்தார். வேன் பழுதான சனிக்கிழமை, அது பழுதாவதற்கு முன்பே, சிகிச்சை முடிந்து கிளம்பும்போது, “செவ்வாக்கெழம நான் வரல, எம் பெட்ட வேற யாருக்காச்சும் குடுத்துருங்கம்மா” என்று அண்ணன் தம்மிடம் சொன்னதாகவும், செவ்வாய் பிற்பகல் தாமதமாக வந்து நின்று, “குடுத்துட்டீகளா?” என்று கேட்டதாகவும், தாம் கொடுக்காமல் வைத்திருந்ததாகவும் அவர் என்னிடம் சொன்னார். அப்போது அண்ணி மருந்துக் கடை வரிசையில் நின்றிருக்கிறார், அவருக்குத் தெரியாது. அன்று பணியில் இருந்த மற்றவர்களுக்கு நினைவில்லை. அந்தச் செவிலியர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். எந்த நாளில் அப்படிச் சொன்னார் என்று அவரிடம் மறுபடி கேட்டுச் சரிபார்க்க என்னால் இயலவில்லை. எனவே இது இன்னும் உறுதி செய்யப்படாத செய்தி.